நட்சத்திரத்தின் எழுவாய்

மனிதகுலம் உருவாக்கிய சொற்களிலேயே மிகச் சுவையானது 'நட்சத்திரம்'. வானத்தில் இருந்தவரை அதற்கு மின்னுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. உணவகங்களைத் தரம் பார்த்துச் சொல்லும் ஒரு மாபெரும் வழிகாட்டி நூல்தான் அதைக் கீழே இறக்கி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, உருப்படியான உத்தியோகம் கொடுத்தது. அந்த உத்தியோகத்தின் மகிமையைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் பேறு பெற்றவர் சூப்பக்கா.

ரயில் நிலையத்துக்கு எதிரே, பன்னிரண்டு மேஜை போட்ட உணவகத்தில் அவர் தலைமைச் சமையற்காரர். காளான் சூப்பில் கைதேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக அதே அடுப்பு, அதே அடிகனமான பாத்திரம். முதலாளி எப்போதாவது சமையலறைக்கு வருவார். மூடியைத் திறந்து பார்ப்பார், பிறகு மூடுவார். இந்த இரண்டு வேலைகளிலும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

வழிகாட்டி நூலின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி யாரோ வந்து போயிருக்கிறார். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம்.

சூப்பக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் முகம் வாடிவிட்டது.

"ஒண்ணுதானா அண்ணி? அந்த முக்குல இருக்கிற லாட்ஜுக்கே மூணு குடுத்திருக்காங்களே."

லாட்ஜுக்குக் கொடுப்பது கட்டிலுக்கும் குளியலறைக்கும், இது நாக்குக்கு. இதில் ஒன்று கிடைப்பதே குதிரைக்கொம்பு என்று சூப்பக்கா பொறுமையாக விளக்கினார். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யும்படி ஆறுதல் சொன்னாள்.

பஸ் ஓட்டுநரான கணவருக்கு அப்படிச் சந்தேகம் எதுவும் வரவில்லை. டெப்போ முழுக்க, "எங்க வீட்டம்மாவுக்கு நட்சத்திரம் கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் நான்கே நாளில் முதலாளியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. 'சொல்லாட்சி ஆலோசகர்' ஒருவர் கழுத்துப்பட்டையோடு வந்து, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு உரையாற்றினார்.

நட்சத்திரம் உணவகத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல என்றார் அவர். அது உண்மையும்கூட, நூலின் விதியே அப்படித்தான். ஆகவே 'நட்சத்திரம் பெற்ற சமையற்காரர்' என்பது சொற்பிழை. 'நட்சத்திரம் பெற்ற உணவகத்தில், அடுப்புக்கு அருகில் பணியாற்றுபவர்' என்பதே மரபு. இதைச் சுற்றறிக்கையாக அச்சடித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள்.

அடுத்த வாரப் பத்திரிகையில் வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியுமாக முதலாளியின் படம் வந்தது. கீழே, 'நட்சத்திரம் வென்ற நாயகர்' என்று போட்டிருந்தது. இது பிழையில்லையா என்று சூப்பக்கா ஆலோசகரிடம் கேட்டார்.

"இல்லம்மா. உணவகம்னா முதலாளி, முதலாளின்னா உணவகம். இதுக்கு இலக்கணத்துல ஆகுபெயர்னு பேரு."

இலக்கணமே வந்து நிற்கும்போது எதிர்த்து என்ன பேசுவது? சூப்பக்கா காளான் நறுக்கப் போய்விட்டார்.

அதன்பிறகு உணவகம் வளர்ந்தது. தட்டு அகன்றது, தட்டில் இருந்தது சுருங்கியது. சூப் குடிப்பதற்கானது அல்ல, 'உணர்வதற்கானது' என்று முதலாளி எங்கோ படித்தார். சூப்பை நுரையாக்கி, ஒரே ஒரு கரண்டியில் வைத்துத் தரச் சொன்னார்.

"வாய்ல வைக்கறதுக்குள்ள காணாமப் போயிடுது முதலாளி. வர்றவங்க எதைச் சாப்பிடுவாங்க?" என்று சூப்பக்கா கேட்டார்.

"அனுபவத்தை" என்றார் முதலாளி.

செவ்வாய்க்கிழமை தவறாமல் வரும் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, அந்தக் கரண்டியை நக்கி முடித்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார். பிறகு பணியாளரைக் கூப்பிட்டு, சூப் எப்போது வரும் என்று கேட்டார். அதற்கடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. வழித்துச் சாப்பிட்ட கிண்ணங்கள் திரும்பி வருவதைப் பார்த்துத்தான் சூப்பக்காவுக்கு இத்தனை வருஷமும் வேலை இனித்தது. இப்போது கரண்டிகள் நுரையோடேயே திரும்பி வந்தன. பழைய சூப்பையே வைப்போம் என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் முதலாளி மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

மறு வருஷப் பட்டியல் வந்தது. நட்சத்திரத்தைக் காணோம்.

மறுபடியும் கூட்டம், மறுபடியும் கழுத்துப்பட்டை. ஆலோசகர் கணீரென்ற குரலில் அறிக்கையை வாசித்தார்: "எங்கள் தலைமைச் சமையற்காரர் தமது நட்சத்திரத்தை இழந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அன்னார் இன்றுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்." கீழே முதலாளியின் கையெழுத்து, அதன்மேல் உணவகத்தின் முத்திரை.

சூப்பக்கா கையைத் துடைத்துக்கொண்டார். தாளை வாங்கி ஒருமுறை படித்தார். இரண்டாம் முறை படித்தபோது, 'தமது' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அந்தத் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அழுது ஆர்ப்பாட்டம் செய்வார் என்று பயந்திருந்த முதலாளி, தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வாரம், நகரின் மறுகோடியில் புதிதாக உணவகம் திறக்கவிருந்த ஒரு அம்மாளைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மாள் விவரமானவர். நட்சத்திரம் கடைக்குக் கிடைத்ததா, உங்களுக்குக் கிடைத்ததா என்று நேராகவே கேட்டார். சூப்பக்கா தாளை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"என்கிட்ட இல்லாததை நான் எப்படிம்மா தொலைச்சிருக்க முடியும்?"

அந்த அம்மாள் படித்தார், சிரித்தார், மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

பழைய முதலாளியின் நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஒரு வருஷம் முழுக்கத் திருடி வைத்திருந்த பொருளுக்கு, உடையவரின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, யார் ரசீது கொடுக்கிறார்கள்?