மலாவி மாஸ்டருக்குக் கார்ட் கொடுத்த கதை

ரொறன்ரோத் தமிழருக்குள் அழைப்பிதழ் கொடுக்காவிட்டால் கோபிக்கிறவர்கள் ஆயிரம் பேர். கொடுத்தால் கோபிக்கிறவர் ஒரே ஒருவர்தான். அவர் வெக்ஸ்போர்ட் பகுதியில், எங்கள் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே இருந்தது என் சாதகப் பலன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆபிரிக்காவின் மலாவிக்குக் கணக்குப் படிப்பிக்கப் போய், ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் பதினொரு வருடம் இருந்தவர். அதனால் மலாவி மாஸ்டர். கனடாவிலும் அவருக்கு எதற்கும் அளவுகோல் அந்தக் கிராமம்தான். ஒன்ராறியோ ஏரியைக் காட்டினால், "உதென்ன ஏரி? ஒரு பிடி மீன் காயப்போடாத கரையும் ஒரு கரையோ?" என்பார். அங்கே பரண் கட்டிப் பொடிமீன் காயவைப்பார்களாம். இவர் பல்கனியில் நெத்தலி காயவைத்தார். கட்டட மனேஜர் மூன்று தரம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

அந்த ஊரில் கொண்டாட்டத்துக்கு ஆளாளாக அழைப்பதில்லையாம். மேளம் கேட்டதும் சனம் கதிரையும் தட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுமாம். அந்த மாடிக்குப் புதிதாக வந்த எங்களுக்கு இது தெரியாது. மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு என் மனைவி அவரிடம் கார்டை நீட்டிவிட்டாள்.

"பேர் எழுதிக் கூப்பிட்டா, எழுதாதவன் வரவேண்டாம் எண்டுதானே பிள்ளை கருத்து? எதிர்க் கதவுக்காரருக்குக் குடுத்தனீரோ?"

"அவையளை எனக்குத் தெரியாதே, மாஸ்டர்."

"அப்ப நானும் வரேலாது."

கார்ட் அவள் கையோடு திரும்பி வந்தது.

பிறந்தநாளன்று காலையில் தொடங்கிய பனி நிற்கவே இல்லை. மார்க்கம் நகரத்துச் சித்தப்பா, விட்பியில் இருக்கும் மனைவியின் அக்கா என்று ஒவ்வொருவராகப் போனில் கையை விரித்தார்கள். நாலு மணிக்கு நாற்பது பேருக்கான சோறும் இறைச்சிக்கறியும், சாப்பிட நாங்கள் மூன்று பேரும். மனைவி குசினிக்குள் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் இப்படியா போகவேண்டும் என்று எனக்கும் மனம் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டு மாஸ்டரின் கதவைத் தட்டினேன்.

"மாஸ்டர், தயவுசெய்து வாங்கோ."

"கூப்பிட்டா வரமாட்டன், தம்பி. மேளத்தை அடியும்."

"மேளத்துக்கு நான் எங்க போறது?"

"வீட்டில சருவச்சட்டி இல்லையோ?"

நான் வேலையிடத்துக் கூட்டத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன். அன்றைக்கு ஒரு வெறும் சருவச்சட்டியை இடுப்பில் இடுக்கி, அகப்பையால் அடித்துக்கொண்டு ஒன்பதாம் மாடி முழுக்க நடந்தேன். முதல் சுற்றில் ஒரு கதவு திறந்து உடனே மூடிக்கொண்டது. இரண்டாம் சுற்றில் ஒரு பிலிப்பீன்ஸ் தாதி தலையை நீட்டி, நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். பிறந்தநாள், சாப்பிட வாருங்கள் என்றேன். மூன்றாம் சுற்றில் மாஸ்டர் வெளிப்பட்டார். கோட்டும் டையும், ஒரு கையில் கதிரை, மறு கையில் தட்டு. நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டார் பாருங்கள்! மலாவியில் பெண்கள் மட்டும் போடுகிற குரவையாம் அது. எல்லாக் கதவுகளும் திறந்தன.

அரை மணியில் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மேல்மாடியிலிருந்தும் ஆட்கள். எதிர்க் கதவுச் சோமாலியக் கிழவர் ஒரு தட்டு பேரீச்சம்பழத்தோடு வந்து, மகளுக்குத் தன் மொழியில் தாலாட்டுப் பாடினார். மனைவி வியர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்தாள்.

"இஞ்சேருங்கோ, சோறு காணாது போல கிடக்கு!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூலையில் மாஸ்டர் யாரையும் கவனிக்காமல் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார். பிடிவாதக்கார மனுசன். அந்த நிமிடத்திலிருந்து அவரை என் சொந்தக்காரர் என்றே எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.