தானாக மக்கும் பை

இனிமேல் குப்பை வாளியைத் தொடுவதில்லை என்று பைக்காரர் முடிவு செய்துவிட்டார். சோளமாவிலிருந்து செய்த பிளாஸ்டிக் பைகளைக் கடைகளுக்கு விற்பது அவர் வேலை. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே பைக்காரர்தான். பகலெல்லாம் சுத்தம், சுகாதாரம் என்று பேசிவிட்டு, சாயங்காலம் ஒழுகுகிற வாளியோடு தெருமுனைக்கு நடந்தால் கௌரவம் என்னாவது?

ஒரு கட்டுப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“குப்பைய இதுல கட்டித் தோட்டத்துக் குழியில போட்டுடு. தானா மக்கிடும்.”

“பையுமா?”

“பையும் மக்குதான்.”

“அப்ப வீட்ல ரெண்டு மக்கு,” என்றாள் மனைவி. “யாரும் ஒண்ணுமே செய்ய வேண்டாமா?”

“கையக் கட்டிக்கிட்டு உக்காந்தாப் போதும்.”

சரி என்று தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே கிடையாது. பைக்காரருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாதங்கள் ஓடின. பைக்காரர் சாய்வு நாற்காலியில் கால் நீட்டினார். குழிக்குள் காய்த்தோலெல்லாம் அழுகிக் கறுத்தது. பைகள் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தன. பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள்.

“மக்கலையே!” என்றாள் மனைவி.

“மக்கும், மக்கும். அவசரப்படாதே.”

“உங்க கம்பெனி மேனேஜர்கிட்டயே போன்ல கேட்டுட்டேன்.”

பைக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “அடிப்பாவி! நம்ம பை மக்கலைன்னா சொன்னே? என் வேலைக்கே உலை வச்சிட்டியே!”

“முதல்ல சாப்பிடுங்க,” என்று தட்டை வைத்தாள். பைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

“பிரமாதம்யா! நம்ம பைய வீட்லயே சோதனை பண்றீங்களாமே! வெறுமனே போட்டு வச்சா மக்காது. சூடு ஏறணும். காலைல, சாயங்காலம் தண்ணி தெளிச்சு நல்லாக் கிளறணும். நீங்களே செய்யறேன்னீங்களாம், வீட்ல சொன்னாங்க.”

போன உயிர் திரும்பியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. கிளறாமலே கிளறியதாக எழுதிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

“வாராவாரம் நானே ரிப்போர்ட் எழுதித் தந்துடறேன் சார்.”

“உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்? நீங்க கிளறினாப் போதும்.”

அன்று சாயங்காலம் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். அவர் கையில் மண்வெட்டியையும் சூடான டீயையும் கொடுத்தாள். நெற்றி வியர்வையை முந்தானையால் பாசமாகத் துடைத்துவிட்டாள்.

“நல்லா ஆழமாக் கிளறுங்க. ரிப்போர்ட்ட என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கார்.”