உருளைப் பாடம் நடத்திய தங்கை எழுதுவது

அன்பும் மதிப்பும் மிக்க சாலமன்ராஜ் அண்ணனுக்கு, தங்கை ஞானஜோதி வணக்கத்தோடும் வருத்தத்தோடும் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான், உங்கள் மச்சான், என் ரத்தக்கொதிப்பு மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் ஷைலா மைனியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். மைனியை முழங்காலுக்குத் தைலம் விடாமல் போடச் சொல்லவும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பயிற்சி வகுப்புகளில் மைக் பிடித்துப் பிடித்து, அடுத்தவரைப் பேசவிடாத பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் விருதுநகரில் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, பிள்ளைகள் கையால் செய்துதான் கற்க வேண்டும், கரும்பலகையைப் பார்த்து எழுதுவது படிப்பே இல்லை என்று மூன்று மணி நேரம் நீங்கள் பேசியதைக் கேட்டு, ஊரெல்லாம் கை தட்ட, கூடப்பிறந்தவள் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் தட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கு வந்து அதைச் செய்தும் பார்த்தேன். முதலில் எடைப் பாடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெங்காயத்தையெல்லாம் நன்கொடை என்று நினைத்து, சத்துணவு சமைக்கும் அக்கா சாம்பாரில் போட்டுவிட்டார். சாம்பார் அன்றைக்குப் பிரமாதம். அடுத்தது சுற்றளவு. கயிறு பிடித்து மைதானத்தை அளந்துகொண்டிருந்தோம். சாலையை அகலப்படுத்த நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது. பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர் செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், கயிறு எங்காட்டுப் பக்கம் வந்துச்சுன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

"ஐயா, இது சுற்றளவுப் பாடம்."

"மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக."

மறுநாளிலிருந்து அவர் வேலியோரம் கட்டில் போட்டு உட்கார்ந்து என் கணக்கு வகுப்பை முழுதாகக் கவனித்து வருகிறார். பின்னங்கள் வரை வந்துவிட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது சிரிக்கிற கடிதமாக முடிந்திருக்கும், அண்ணா. நான் உருளைக்குப் போனேன். செவ்வகத்தைச் சுருட்டினால் உருளை, பிரித்தால் மறுபடி செவ்வகம், இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் பழைய செய்தித்தாளைக் கொடுத்தேன். நான் மேசையில் வைத்து ஒன்று சுருட்டினேன், அது ஒரு பக்கம் சப்பி, மறுபக்கம் விரிந்து, கூம்புமில்லாமல் உருளையுமில்லாமல் வந்தது. அதைச் சரிசெய்து நிமிர்ந்து பார்த்தால் வகுப்பே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம். சிலர் கட்டுக் கட்டாக நூல் போட்டுச் சுவரோரம் அடுக்கியும் விட்டார்கள். "டீச்சர், அடுத்த தாள் குடுங்க" என்கிறார்கள். எல்லாருக்கும் முந்தி முடித்தது மாரிச்செல்வி. பலகைக்குக் கூப்பிட்டால் தரையைப் பார்த்து நிற்கிற பிள்ளை, அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் புத்தி போய்விட்டது. வெடிக் கம்பெனிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற தெருவில் இத்தனை வருஷம் நடந்தவள், இந்தப் பிள்ளைகளுக்கு இது எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. வீடியோ எடுத்தேன். அண்ணன் சொன்னபடி தங்கை செய்துவிட்டாள் என்று காட்ட உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? கீழே மூன்று பூ, நாலு கைகூப்பு, "மாதிரி வகுப்பு" என்று தலைப்பு, மாவட்டத்தில் உள்ள அத்தனை வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. வந்த இரண்டு அதிகாரிகளையும் நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறார்களா என்று கேட்பது அவர்கள் கடமை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். "மேடம், இது கணக்கா, கம்பெனியா?" என்று ஒருவர் கேட்டார். வளைபரப்பு என்றேன். செல்லச்சாமியாவது என்னைப் பாதி நம்பினார். இவர்கள் நேரே மாரிச்செல்வி தெருவுக்குப் போய் வீடு வீடாக விசாரித்தார்கள். அதோடு அந்தத் தெருவுக்குக் குழாய் சுற்றத் தாள் கொண்டுவந்து போடுகிறவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

மாரிச்செல்வியின் அப்பா சுடலை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் வெடிமருந்து தீப்பற்றியதில் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் அம்மா முருகேஸ்வரி, கம்பெனி வாசலை மிதிக்கமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்து குழாய் சுற்றித்தான் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றி வந்திருக்கிறாள். வீட்டில் குழாய் சுற்றுகிற வேலை நின்றதும் வேறு வழியில்லாமல் காலையில் வேன் ஏறி, புருஷனை விழுங்கிய அதே கம்பெனிக்குப் போகிறாள். சின்னவள் பிரீத்திகாவைப் பார்த்துக்கொள்ள மாரிச்செல்வி வீட்டில் நின்றுவிட்டாள். வேனுக்குப் போகிற வழியில் முருகேஸ்வரி பள்ளி வாசலில் என்னை நிறுத்தினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சுத்தும்போது பக்கத்துல இருந்து பாத்துப் பாத்தே பழகிட்டா டீச்சர். கையில வேலை ஒட்டிக்கிடக் கூடாதுன்னுதான பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனேன். இங்கனயும் அதையே செய்யச் சொன்னா, நான் எங்க கொண்டுபோய் விட?"

அண்ணா, உங்கள் பயிற்சியில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னீர்கள். இந்தக் கேள்விக்கு என்ன சொல்வீர்கள்? வேன் ஹாரன் அடித்தது, அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மச்சான் கேட்டதற்கு உப்பு கூடிவிட்டது என்றேன். உப்பே போட மறந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். பிரீத்திகாவும் அக்காவோடு வரட்டும், என் மேசைக்கடியில் உட்கார்ந்து விளையாடட்டும், பொறுப்பு எனக்கு என்று கெஞ்சினேன். முருகேஸ்வரி ஒரே நிபந்தனை போட்டாள். என் பிள்ளை மற்ற வீட்டுப் பிள்ளைகள் மாதிரி புத்தகத்தை வைத்துப் படிக்க வேண்டும், வேறு எதையும் கையால் செய்யக் கூடாது. கையெழுத்துப் போடாத குறையாக ஒத்துக்கொண்டு வந்தேன். நாளை அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில்தான் வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

ஆகவே, அண்ணா, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி என் வகுப்பில் கயிறு கிடையாது, வெங்காயம் கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ், நான். மாதிரி வகுப்பைப் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னீர்களாம், தயவுசெய்து வரவேண்டாம். அண்ணனாக வீட்டுக்கு வாருங்கள், கோழிக் குழம்பு வைக்கிறேன். பள்ளிக்கூடப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்.

மைனிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் மச்சான் தனியே விசாரிக்கச் சொன்னார். கர்த்தர் உங்கள் வாக்கையும் வரத்தையும் காத்து, கொஞ்சம் நாவடக்கமும் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தங்கை
ஞானஜோதி

பின்குறிப்பு: தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன், இன்று புதன், உங்கள் மச்சான் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மாரிச்செல்வி திங்கட்கிழமையே வந்துவிட்டாள். பிரீத்திகா என் மேசைக்கடியில் இதுவரை ஒரு பெட்டி சாக்பீஸ் தின்றிருக்கிறாள். மூத்தவள்தான், அண்ணா, கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பலகையில் இருப்பதை எழுதுகிறாள், பேனாவை வைத்ததும் கையை அக்குளுக்குள் செருகிக்கொள்கிறாள். படம் வரையவில்லை, கவராயத்தைத் தொடவில்லை, விளையாட்டு நேரத்தில் பந்து உருண்டு வந்து காலில் முட்டியது, குனிந்து எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கையால எதுவும் செய்ய மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன் டீச்சர். மீறுனா அம்மாவுக்குக் கம்பெனியில எதுவும் ஆயிரும்ல" என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள், அண்ணா. ஆட்கள் வேண்டாம், நீங்கள் மட்டும். சாயங்காலம் வேன் வந்து முருகேஸ்வரி இறங்குகிற வரை இருங்கள். அந்தச் சத்தியம் வேண்டாம் என்று பிள்ளையிடம் அவள்தான் சொல்ல வேண்டும், அவளிடம் யார் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை.