வளர்ற புள்ள டெய்லர்

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளரும் குழந்தைகளில் ஒன்றுகூட இன்றுவரை தன் வயதுக்கு ஏற்ற உடையைப் போட்டதில்லை என்றால், அதற்கு ஒரே ஒரு மனுஷிதான் பொறுப்பு. இரும்புலியூரில் எங்கள் தெருமுனையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘வளர்ற புள்ள டெய்லர்’.

பெயர்க் காரணம் எளிது. தைத்து வந்த கவுனைத் தூக்கிப் பிடித்து, “என்னக்கா, இதுக்குள்ள ரெண்டு புள்ளைங்க போகலாம் போலிருக்கே?” என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

“வளர்ற புள்ளம்மா. இருந்துட்டுப் போவட்டும்.”

குழந்தையை நிறுத்தி வைத்து ஒழுங்காகத்தான் அளவெடுப்பார். அதை நோட்டில் எழுதவும் செய்வார். ஆனால் அது ஃபைலுக்குத்தான். கத்தரியைக் கையில் எடுத்ததும், இந்தக் குழந்தை மூன்று வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசிப்பார். அந்தக் குழந்தைக்கு வெட்டுவார். மிச்சத் துணியெல்லாம் இடுப்பில், கையில், கீழ் விளிம்பில் என்று உள்ளே மடித்து அடிக்கப்பட்டிருக்கும். ஒரு கவுனுக்குள் இன்னும் இரண்டு கவுன்கள் பதுங்கியிருக்கும்.

என் மூத்த மகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்த முதல் நாள், பள்ளி வாசலில் நின்ற மிஸ் அவளுடைய யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, “பாப்பா எங்க சார்?” என்று கேட்டார். “உள்ளதான் மேடம் இருக்கா” என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு மடிப்பைப் பிரித்து விட்டோம். பழைய மடிப்பின் தடம் வெளுக்காமல் கோடாக நிற்கும். மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்வதுபோல, என் மகள் என்ன வகுப்பு என்பதை அந்தக் கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு எட்டு வண்ணத்துப்பூச்சிகள் தைக்கும் வேலை ஒருமுறை அவரிடம் வந்தது. மேடையில் எட்டு பாராசூட்டுகள் இறங்கின. டான்ஸ் டீச்சர் சண்டைக்குப் போனார். “அடுத்த வருசம் ஆடச் சொல்லி பாருங்க டீச்சர், கரீட்டா இருக்கும்” என்றார் டெய்லர். அடுத்த வருடமும் அதே டான்ஸ், அதே பிள்ளைகள். கரெக்டாகத்தான் இருந்தது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஆசையாக ஒரு ஜிப்பா தைக்கக் கொடுத்தேன். வந்த ஜிப்பாவுக்குள் நானும் இருந்தேன், நல்ல காற்றோட்டமும் இருந்தது. “நான் வளர்ற வயசா அக்கா?” என்று கேட்டேன்.

“வளருவீங்க சார்” என்றார் ஊசியில் நூல் கோத்தபடி. “மேல இல்ல. பக்கவாட்டுல.”

இரண்டே வருடத்தில் அந்த ஜிப்பா எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. வயிற்றுப் பகுதியில் பிடித்தது.

நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதுபவன். அதாவது, யாரும் படிக்காததை எழுதிச் சம்பளம் வாங்குபவன். வீட்டிலும் அதே நிலைமை, சம்பளம் மட்டும் கிடையாது. மூத்தவளுக்கு இலக்கியா என்று பெயர் வைத்தது என் திமிர். இரண்டாமவளுக்கு மித்ரா என்று வைத்தது என் மனைவி சுதாவின் பதிலடி. மூத்தவள் மூன்றாம் வகுப்பும் இளையவள் யு.கே.ஜி.யும் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு நாற்பத்து நாலும் சுதாவுக்கு முப்பத்தெட்டும் ஆகியிருந்தபோது, மூன்றாவது வரப்போகிறது என்று தெரிந்தது. திட்டமிட்டதா என்று கேட்காதீர்கள். என் வாழ்க்கையில் நான் திட்டமிட்டுச் செய்தது வருமான வரித் தாக்கல் ஒன்றுதான். அதுவும் கடைசி நாளில்.

காலேஜில் மாட்டிக்கொண்ட ஜோடிபோல நாங்கள் இருவரும் விஷயத்தை மூன்று மாதம் மறைத்து வைத்தோம். எங்கள் அம்மாக்களுக்கே சொல்லவில்லை. இடையில் சுதா ஒரு சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தாள். வாங்கி வந்து விரித்துப் பார்த்தால், பக்கத்துக்கு மூன்று மடிப்பு.

“நான் ஒண்ணுமே சொல்லலைங்க” என்றாள் சுதா, வெளிறிப்போய். “டேப்பை இடுப்புல ஒரு தடவை போட்டாங்க. எடுத்துட்டு மறுபடி ஒரு தடவை போட்டாங்க. அவ்ளோதான். ஏன்க்கா இவ்ளோ மடிச்சிருக்கீங்கன்னு கேட்டா, ‘வளர்ற புள்ளம்மா’ங்கறாங்க.”

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாங்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கியிருந்த மித்ராதான் விஷயத்தைத் தண்ணீர் கேன் போடுபவரிடம் சொன்னாள். அடுத்த அரைமணி நேரத்தில் இரும்புலியூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “பையனுக்காகவா?” மாடி வீட்டு சார் கேட்டபோது சுதா பொறுமையாகச் சொன்னாள்: “இல்ல சார். பைக்குல டேங்க் மேல கொஞ்சம் எடம் மிச்சமிருந்தது.”

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதா துணி பீரோவைக் கவிழ்த்தாள். குழந்தை பிறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கி வைக்கக் கூடாது, முதலில் பழசைத்தான் போட வேண்டும் என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் உள்ள வழக்கம். அதனால் துணிகளை மூன்று குவியலாகப் பிரித்தாள்: இலக்கியாவுக்கு ஆவது, மித்ராவுக்கு ஆவது, வரப்போகும் குழந்தைக்கு. மூன்றாவது குவியலின் மேல் ஒரு மஞ்சள் கவுன் வந்து விழுந்தது. பாக்கெட்டில் வாத்து போட்டது. இலக்கியா போட்டு, மித்ரா போட்டு, டெய்லர் வைத்த மடிப்பெல்லாம் பிரிந்து, துவைத்துத் துவைத்து வெண்ணெயாக மாறிவிட்ட கவுன்.

மித்ரா அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிதுங்கிக்கொண்டு நின்றாள்.

“அது என்னுது.”

“அது ஃபர்ஸ்ட்டு என்னுது” என்றாள் இலக்கியா, சட்ட நுணுக்கத்தோடு.

மித்ரா நான்கு நாள் அதைக் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றி, நனையாத தூரத்தில் வைத்துக் காவல் காத்தாள். அதன் மேலேயே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். “சார், மித்ராவுக்கு ரெண்டு காலர் இருக்கு” என்று மிஸ் ஃபோன் செய்தார். நான் அவளை உட்கார வைத்து, பற்று என்றால் என்ன, துறத்தல் என்றால் என்ன என்று பத்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். “முடிஞ்சுதாப்பா?” என்றாள்.

பிறகு அம்மாவிடம் போனாள்.

“பாப்பா வந்தா அக்கா எதைப் போடுவா?”

“அக்காவுக்குப் புதுசு.”

“பாப்பா?”

“உன்னோட பழசு.”

“நான்?”

“அக்காவோட பழசு.”

“அப்ப எனக்குன்னு எதுவுமே இல்லையா?”

சுதா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். நான் மித்ராவைத் தூக்கிக்கொண்டேன். “வா, உனக்கு ஒரு கவுன் தைச்சிடலாம்” என்று அன்று மாலையே நாலு பேரும் டெய்லரிடம் கிளம்பினோம்.

கடையில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் கல்யாண ஜாக்கெட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். “இன்னா கண்ணு, கவுனு இம்மா டைட்டா கீது?” என்று சிரித்துக்கொண்டே அளவு நோட்டை எடுத்தார் டெய்லர். இலக்கியா அதைப் பிடுங்கித் தாசில்தார் மாதிரி படிக்க ஆரம்பித்தாள்.

“இது அம்மா. இது அப்பா. அப்பாவோட வயித்தை மட்டும் மூணு தடவை அடிச்சு அடிச்சு எழுதியிருக்கு.”

“ஏறிக்கினே போனா நான் இன்னா பண்றது?” என்றார் டெய்லர், என்னைப் பார்க்காமல்.

“இது நான். இது... ‘சுதாம்மா வூட்ல வரப்போற புள்ள’. கீழ ஒண்ணுமே எழுதலை.”

“பொறக்கறதுக்கு முன்னாடி அளவு எடுக்கக் கூடாதும்மா. எடம் மட்டும் புடிச்சி வெச்சிருக்கேன்.”

“நான் எங்க?” என்றாள் மித்ரா.

டெய்லர் நோட்டை வாங்கினார். விரலை நாக்கில் தொட்டு முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். துணிப் பைக்குள் வேறு நோட்டு இருக்கிறதா என்றுகூடத் துழாவினார்.

“உனுக்கு இன்னாத்துக்குக் கண்ணு, உங்க அக்காவுத சுருக்கி, அப்பால பிரிச்சி, அப்பால...” அங்கே நிறுத்திவிட்டார். ஐந்து வருடமாகத் தினமும் கடையைத் தாண்டிப் போகிற குழந்தை. ஒருமுறைகூட டேப்பைப் போட்டதில்லை.

“பொறக்காத பாப்பாக்குக்கூட பக்கம் இருக்கு” என்றாள் மித்ரா. அழவில்லை. அழுதிருந்தால் ஒரு சாக்லேட்டோடு முடிந்திருக்கும்.

டெய்லர் எழுந்து மெஷின் சுவிட்சை அணைத்தார். ஜாக்கெட் பெண்களைப் பார்த்து, “இன்னிக்கு கட இல்லம்மா, நாளிக்கி வாங்க” என்றார்.

“நாளைக்குத்தான்க்கா முகூர்த்தமே!”

“அப்ப காத்தாலயே வாங்க.”

மித்ராவைத் தூக்கி வெட்டு மேஜை மேல் நிறுத்தினார். புதுப் பக்கத்தைத் திறந்து பேனாவை இலக்கியாவிடம் கொடுத்தார். தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மணிக்கட்டு. கட்டைவிரல். ஒரு காதிலிருந்து இன்னொரு காது. இரண்டு சடைக்கும் நடுவே உள்ள தூரம்.

“மூக்கு, ஒண்ணேகால்.”

“கவுனுக்கு மூக்கு எதுக்கு ஆன்ட்டி?”

“எழுதும்மா. நோட்டுல கெடக்கட்டும்.”

பக்கம் நிரம்பி ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் மித்ரா மேஜை மேலிருந்தபடியே ஒரு நிபந்தனை போட்டாள். “உள்ள மடிக்கக் கூடாது.”

“இன்னாது?”

“எனக்கு மட்டும் ஆவுற மாதிரி வேணும். வேற யாருக்கும் ஆவக் கூடாது.”

சுத்த சைவரிடம் போய்க் கறிக்குழம்பு வைக்கச் சொன்னதுபோல ஆகிவிட்டது அவர் முகம். “ஆறு மாசத்துல டைட்டாப் பூடுமே கண்ணு.”

“பூடட்டும்” என்றாள் மித்ரா, அவருடைய பாஷையிலேயே.

“துணி வீணாயிடும்க்கா, நீங்க ஒரு ரெண்டு இஞ்ச்...” என்று சுதா குறுக்கே வந்தாள்.

“நீ சும்மா இரும்மா. இது எனுக்கும் அதுக்கும் பேச்சு.”

கத்தரிப்பூ நிறத் துணி, மித்ரா தேர்ந்தெடுத்தது. நான்கு நாள் ஆயிற்று. போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன். அந்த அம்மாள் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். “கை தானா மடிக்குது சார். ரெண்டு தபா பிரிச்சிட்டேன்” என்றார், பீடியை விட்டுவிட்டு மூன்றாவது நாளில் இருப்பவரின் குரலில்.

ஐந்தாம் நாள் மித்ரா அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். உடம்போடு முளைத்த மாதிரி இருந்தது.

“குனி. நிமிரு. சுத்து. இன்னொரு தபா சுத்து.”

டெய்லரின் கைகள் இழுத்து விட எதையாவது தேடின. தோளில் இல்லை, இடுப்பில் இல்லை, எங்குமே ஒரு நூல் மிச்சமில்லை. வேலையில்லாமல் போன இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எம்மா” என்றார். “நீ இம்மாத்தூண்டுதானா? நான் பாக்கவே இல்லியே.”

வீட்டுக்கு வந்ததும் மித்ரா மஞ்சள் கவுனை எடுத்து அவளாகவே மூன்றாவது குவியலின் மேல் வைத்தாள். வாத்து பாக்கெட்டிலிருந்த பாதி ரப்பரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு மழைக் காலையில் குழந்தை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதினோரு பேருக்கு ஃபோன் செய்தேன். பதினோரு பேரும் முதலில் கேட்டது, “என்ன குழந்தை?” பெண் என்றதும் எதிர்முனையில் ஓர் இடைவெளி. சிலர் “மகாலட்சுமி” என்றார்கள். என் சொந்தச் சித்தப்பா, “பரவால்ல விடு” என்றார். கத்தரிப்பூ கவுனில் உட்கார்ந்திருந்த மித்ரா ஒவ்வொரு ஃபோனையும் உன்னிப்பாகக் கேட்டாள். ஒவ்வொன்றும் முடிய முடிய, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாவது ஃபோன் தானாக வந்தது. பின்னணியில் தையல் மெஷின் சத்தம்.

“சார், மெடிக்கல் ஷாப்புல சொன்னாங்கோ. சுதாம்மா நல்லா கீறாங்களா?”

“நல்லா இருக்காங்கக்கா.”

“கொயந்த?”

“நல்லா இருக்கு” என்றேன். அடுத்த கேள்விக்குப் பதிலைத் தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“சரி சார். என் சின்னது இன்னா பண்ணுது? காலைலேர்ந்து எதுனா துன்னுச்சா?”

மணி பதினொன்று. இலக்கியா நர்ஸிடம் கேட்டு பிஸ்கட் வாங்கித் தின்றிருந்தாள். மித்ரா எதுவும் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டு, மழையில் இட்லி வாங்க ஓடினேன்.

பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது பெஞ்சின் நுனிக்கு வந்து காலை ஆட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். இட்லி ஆறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.