குடியரசுத் தலைவர் பேச்சியம்மாள்

பிரதமர் பொன்னுராஜ் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"வெளிய வாய்யா. பிரதமர் அழலாமா?" என்று குனிந்து கெஞ்சினார் ஜாய்ஸ் டீச்சர்.

"பேச்சிய நிறுத்தச் சொல்லுங்க டீச்சர். என்ன பதில் சொன்னாலும் திருப்பியும் அதையே கேக்குறா."

எதிர்க்கட்சி பெஞ்சில் பேச்சியம்மாள் சடையைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றாள். "பொம்பளப் புள்ளைகளுக்குக் கக்கூசு எங்கன? சுவரு எந்திருச்சு ரெண்டு வருசமாச்சு. கூரை எப்ப வரும்?"

2003-ஆம் வருஷம். சுருளிப்பட்டிக்குப் போகும் பாதையில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. மத்திய அரசு எப்படி நடக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு நடித்துக் காட்ட வேண்டும். ஜாய்ஸ் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிகாரி முகம் சுளித்தால் தேனி பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடைக்குத் திரும்பி எவர்சில்வர் குடம் துடைக்க வேண்டியதுதான்.

பேச்சிக்கு அவர் சொல்லிக்கொடுத்த கேள்வி, 'புதிதாக மூன்று சேர்ந்த பிறகு இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை?' என்பது. அதை அவள் வாயில் வரவழைக்கவே முடியவில்லை. இடைவேளையில் திராட்சைப் பந்தலுக்கு ஓடும் பெண்பிள்ளைகளைத் தோட்டக்காரர் கம்போடு விரட்டுவது ஊருக்கே தெரியும். அதற்காக அதிகாரி முன்னாலா பேசுவது?

தலைமையாசிரியர் சுந்தரலிங்கம் ஓடி வந்தார். கல்வி ஆபீசிலிருந்து போன் வந்தால்கூட எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசுகிற மனிதர்.

"என்னம்மா கூத்து இது? ஐயா முன்னால இப்பிடிக் கேட்டா என் கதி என்னாகுறது? பேசாம அந்தப் புள்ளைய மந்திரியாக்கிருங்க. ஆளுங்கட்சிக்கு வந்துட்டா வாயத் தொறக்காது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பேச்சி சுகாதார மந்திரியானாள்.

மறுநாள் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன், "மலேரியாவ ஒழிக்க அரசு என்ன செய்யுது?" என்று சொல்லிக்கொடுத்தபடியே கேட்டான்.

மந்திரி எழுந்தாள். "கொசு கெடக்கட்டும். கக்கூசுக்குக் கூரை இல்லங்கிறத அரசு ஒத்துக்கிருது. அரசுக்கு வெக்கமா இருக்கு."

எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. கூடவே ஆளுங்கட்சியும் தட்டியது. பிரதமர் மறுபடியும் மேசைக்கு அடியில் போய்விட்டான்.

சுந்தரலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சபாநாயகரு விவாதத்துல கலந்துக்கிறக் கூடாதுல்ல? அந்த நாற்காலியில தூக்கி உக்கார வைங்க. வாயக் கட்டுனது போல ஆகிப்போகும்."

ஜாய்ஸுக்கு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இருந்தது. ஆனால் யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்று சொல்வதே சபாநாயகர்தான் என்பது ஒத்திகை ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

"கக்கூசப் பத்திப் பேசுறவுக கையத் தூக்குங்க," என்றாள் சபாநாயகர். "மத்தவுக உக்காருங்க."

சத்தம் கேட்டு உள்ளே நுழைந்த தலைமையாசிரியரைப் பார்த்து, "சார், உறுப்பினர் இல்லாதவுக சபைக்குள்ள வரக் கூடாது. வெளிய போங்க," என்றாள். சுந்தரலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜாய்ஸ் கண் கலங்கியபடி தலைமையாசிரியர் அறைக்குப் போனார். "பேச்சிய நாளைக்கு லீவு போடச் சொல்லிரட்டுமா சார்?"

"ஐயா வர்ற அன்னைக்கு வருகை குறையக் கூடாதும்மா." சுந்தரலிங்கம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "ஜனாதிபதியாக்கிட்டா என்ன? ஒசந்த நாற்காலி. மந்திரிசபை சொல்றபடி கையெழுத்துப் போட்டாப் போதும். அதான பாடம்?"

"அதான் சார் பாடம்!" ஜாய்ஸுக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி முன்வரிசையில் இளநீரோடு உட்கார்ந்தார். எல்லாம் பிசகாமல் நடந்தது. பிரதமர் அழவில்லை. மரம் வளர்ப்பு மசோதா நிறைவேறி, சேலை போர்த்திய நாற்காலியில் இருந்த ஜனாதிபதியிடம் போனது.

பேச்சி பேனாவை எடுத்தாள். படித்தாள். பேனாவை மூடினாள்.

"போடு ஆத்தா," என்று கிசுகிசுத்தார் ஜாய்ஸ்.

"மரம் வளர்ந்து மறைவு வர்றதுக்குள்ள எங்களுக்குக் கல்யாணமே ஆயிரும்," என்றாள் ஜனாதிபதி உரத்த குரலில். "கக்கூசுக்குக் கூரையும் வேணும். மசோதாவைத் திருப்பி அனுப்புறேன்."

அதிகாரி இளநீரிலிருந்து வாயை எடுத்தார். "ஜனாதிபதி இப்படிச் செய்யலாமா டீச்சர்?"

கூடாது என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். ஜாய்ஸின் கண் முன்னால் எவர்சில்வர் குடங்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் எட்டாம் வகுப்பு முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"செய்யலாம் சார்," என்றார். "ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடியும் நிறைவேத்தி அனுப்பினா, கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

பொன்னுராஜ் துள்ளி எழுந்தான். "அப்பக் கூரையையும் சேத்தே நிறைவேத்துறோம்!"

இரண்டு பக்கமும் எல்லாக் கைகளும் மேலே போயின. ஜனாதிபதி பேனாவைத் திறந்து பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏலே, கையக் கீழ போடுங்கடா!" என்று வாசலில் பதறினார் சுந்தரலிங்கம். "ஐயா மன்னிக்கணும், சின்னப் புள்ளைக..."

அதிகாரி எழுந்து, இளநீரைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார். மொட்டைச் சுவரைச் சுற்றி வந்தார். திராட்சைப் பந்தலையும் பார்த்தார். "திங்கக்கிழமை ஆள் வரும்," என்றார் சுந்தரலிங்கத்திடம். பிறகு ஜாய்ஸிடம், "பாடம் பிள்ளைகளுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"இனிமே என் பள்ளிக்கூடத்துல நாடாளுமன்றமே கூடக் கூடாது!" என்று கத்திவிட்டு அறைக்குள் போனார் சுந்தரலிங்கம்.

சாயங்காலம், குமுளிக்கு ஜீப் ஓட்டும் மலைச்சாமி மகளைக் கூட்டிப் போக வந்தார். ஜாய்ஸ் அவரிடம் போய், "உங்க மக பேச்சிக்கு எங்கருந்துங்க இம்புட்டுத் தைரியம்?" என்று கேட்டார்.

"தைரியமா? பல்லியப் பாத்தாலே அலறுற கழுதை டீச்சர் இது," என்று சிரித்தார் மலைச்சாமி. "நம்ம ஹெச்எம் சாருதான் தெனமும் பொழுது சாய வீட்டுக்கு வந்து, 'நான் வையுற மாதிரி வைவேன், நீ பாட்டுக்குக் கேளு ஆத்தா, ஒன்னைய எப்பிடியாச்சும் ஜனாதிபதி ஆக்கிப்புடுறேன்'னு சொல்லிக்குடுத்துட்டுப் போனாக."