இரண்டு நாட்டுக்கும் மிச்சமான தம்பிக்கு

நெல்லிவாசல்நாடு,
9-6-1968

சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அன்புத் தம்பி கோபால்சாமிக்கு, ஜவ்வாது மலையிலிருந்து அண்ணன் ரங்கசாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அண்ணி ரஞ்சிதமும் ஆடு மாடுகளும் சுகம். அவ்விடம் நீயும் மங்கம்மாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மலைமேல் உள்ள சாமியை வேண்டுகிறேன். சாமியைத்தான் வேண்டமுடியும். சர்க்காரை வேண்டிப் பார்த்துவிட்டோம், அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

இந்தியாவுக்குத் திரும்ப நீ போட்ட மனுவை, 'விசாரித்ததில் உம்மை அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை' என்று திருப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். சிலோன்காரர்களோ நீ அங்கே பிறந்தவன் இல்லை, இடத்தைக் காலி செய் என்கிறார்களாம். இரண்டு சர்க்காரும் ஒற்றுமையாக உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்களே, அந்த மிச்சத்தில் போய் விழுந்துவிட்டாய். செங்கம் சந்தையில் மாடு பிரிக்கிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். உன் முகத்தை ஒருவனும் பார்க்கவில்லை.

ஆனால் உன்னைத் தெரியாது என்று சொன்னது டெல்லி அல்ல தம்பி, நாங்கள்தான். போன தை மாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு காகிதத்தோடு மலையேறி வந்தார். கால்சட்டை போட்டவர் வந்து பேர் சொல்லிக் கேட்டால் நம் ஊரில் என்ன பதில் என்று உனக்கே தெரியும், நீயும் இங்கே வளர்ந்தவன்தானே. "முனிசாமி மகன் கோபால்சாமின்னு யார்னா கீறானா?" என்றார். "அப்டி யாரும் இல்லீங்களே" என்றான் எதிர்வீட்டுக் குப்பன். "அண்ணங்காரன் ரங்கசாமி?" என்றார். உன் பேரில் ஏதோ பழைய கேஸ், என்னையும் சேர்த்து இழுக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். "ரங்கசாமியும் இல்லீங்க" என்று நானே சொன்னேன். இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு ஒரு செம்பு மோர் வேறு கொடுத்தேன்.

உன் கடிதம் வந்த பிறகுதான் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். மூன்று தடவை கீழே இறங்கி தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். அங்கிருந்த குமாஸ்தா காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து, "இன்னாயா, ஊர்ல ரங்கசாமியே இல்லன்னு ரிப்போர்ட் கீது. அப்ப நீ யாரு?" என்றார். நான்தான் ரங்கசாமி என்றேன். "ரெண்டு நாட்டுக்காரங்களும் ஒத்துமையா வேலை பாக்கறாங்க. நடுவுல நீ பூந்து கொழப்பாத" என்றார். மூன்றாம் தடவை அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தொல்லை தாங்காமல், மறுவிசாரணைக்கு ஆள் அனுப்புவதாக எழுதிக்கொண்டார்.

அதனால் வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். எந்த ஆபீசர் வந்து எதைக் கேட்டாலும், "கோபால்சாமிங்க, நம்ம ஊர் ஆளுங்க, அதோ அவரு வூடுங்க" என்று ஒரே குரலாகச் சொல்லவேண்டும். கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் வாங்கிவிட்டேன். அப்பா பெயர், உன் வயது எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். காட்டுவதற்கு ஒரு வீடு வேண்டுமே என்று மேற்குப் பக்கம் கூரை போட்டுக் கதவும் மாட்டியாயிற்று. இனி ஒரு குறையும் இல்லை. நீ மூட்டை கட்டு. மங்கம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. முப்பது வருஷத்துக்குப் பிறகு உன்னைப் பார்க்கப்போகிறேன்.

இப்படிக்கு,
இருக்கிறவனா இல்லாதவனா என்று ஆபீஸ் இன்னும் முடிவு செய்யாத உன் அண்ணன்,
மு. ரங்கசாமி

பின்குறிப்பு: தபால்காரர் மேலே வராததால் கடிதம் நான்கு நாளாக என்னிடமே கிடந்தது. நேற்று நான் கொல்லையில் இருந்தபோது ஜீப் வந்தது. வந்தவர் விசாரணைக்காரர் இல்லை, பாரஸ்ட் ரேஞ்சர். "மேற்குச் சரிவுல பதினோரு சந்தன மரத்த வெட்டினது யாரு?" என்று கேட்டிருக்கிறார். கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்த ஊராயிற்றே! "கோபால்சாமிங்க, நம்ம ஊர் ஆளுங்க, அதோ அவரு வூடுங்க" என்று மொத்த ஊரும் சொல்லிவிட்டது. நான் ஓடிவந்து, "ஐயா, அவன் சிலோன்ல கீறான்" என்றேன். "அவ்ளோ தூரம் ஓடிட்டானா? ரெண்டு சர்க்காரும் ஒத்துமையாத்தான கீது, எழுதிப் போட்டு இட்டாந்துர்றோம்" என்று உன் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். கோபால்சாமி, தகப்பனார் முனிசாமி, வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் நெல்லிவாசல்நாடு. எல்லாம் சரியாக, முத்திரையோடு. நீ இந்த ஊர்க்காரன் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. நோட்டீஸைக் கிழியாமல் உரித்து இத்துடன் வைத்திருக்கிறேன், அங்கே ஆபீசில் காட்டு. இரண்டு வருஷம் போடுவார்களாம். மங்கம்மாளும் பிள்ளைகளும் எங்களோடு இருக்கட்டும். வேலூர் ஜெயில் என்றால் நான் மாதம் ஒருமுறை வந்து உன்னைப் பார்க்கலாம். சிலோன் அப்படி இல்லை. வந்துவிடு.