சாப்பாட்டு ஹால் கதவு

எங்கள் ஊரில் பெரிய மனுஷன் வந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும். திறக்காத கதவு ஒன்றே ஒன்றுதான். அது வேட்டி கட்டி, வெற்றிலை போட்டிருந்தது.

திருக்கோகர்ணம் போகிற வழியில் இருக்கிற அந்தக் கட்டடம் முதலில் கடலைக் கிடங்கு. பிறகு கல்யாண மண்டபம். இப்போது முகப்பில் கண்ணாடி ஒட்டி, ‘கன்வென்ஷன் சென்டர்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏசி உண்டு, லிஃப்ட் உண்டு, மேடையில் சுவர் அகலத்துக்குத் திரை உண்டு. கை கழுவப் போனால் பாதிக் குழாயில் தண்ணீர் வராது. அதன் வரலாறும் வசதியும் இவ்வளவுதான். சொல்வதற்கு மிச்சம் இருப்பது கதவு மட்டும்தான்.

நம் பந்தி லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒருவன் ரசத்தில்தான் இருப்பான். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே பின்னால் நின்று அவன் இலையைப் பார்க்கும். வெட்கங்கெட்ட பழக்கம்.

நான் சொன்ன வேட்டி கட்டிய கதவு, மண்டபத்தில் வேலை பார்த்த ஒரு மனுஷர். இவருக்கு அது ஆகாது. பந்தி நிறைந்ததும் சாப்பாட்டு ஹாலின் இரட்டைக் கதவைச் சாத்தி, வெளியே அதில் முதுகைச் சாய்த்து நிற்பார். கடைசி ஆள் எழும்வரை அசையமாட்டார். அதனால்தான் ஊரில் இவருக்குக் ‘கதவு’ என்று பெயர்.

“அண்ணே, அன்னவாசல் பஸ்ஸு போயிரும், விடுங்க.”

“அடுத்த பஸ்ஸு வரும். உள்ள ஒருத்தர் பாயசத்துல இருக்காரு.”

ஒரு தடவை மாப்பிள்ளையையே நிறுத்திவிட்டார்.

“நான் மாப்பிள்ளைங்க!”

“தாலி கட்டியாச்சுல்ல? பொண்ணு எங்கிட்டும் ஓடாது. நில்லுங்க.”

ஏன் இந்த வம்பு என்று ஒருநாள் கேட்டேன். “திங்கிறப்பவாச்சும் மனுசன் நிம்மதியா இருக்கணும்ங்க. மத்த நேரந்தான் இல்லையே” என்றார்.

வேலை போய்விடும் என்று முதலாளி பலமுறை மிரட்டினார். இவர் கேட்கவில்லை. பிறகு ஒரு பெரிய புள்ளி, கார் வரிசையோடு வந்து இறங்கினார்.

“அண்ணன் யாருன்னு தெரியுதா?” என்றான் கூட வந்தவன்.

“தெரியுது. உள்ள கொத்தனாரு ஒருத்தர் சாப்புடுறாரு. அவரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

பெரிய புள்ளி சிரித்துக்கொண்டே நின்றார். முதலாளி சிரிக்கவில்லை. கட்டடத்தைப் புதுப்பித்தபோது முதல் வேலையாக அந்தக் கதவைக் கழற்றி, அகலமாக வாசலைத் திறந்து விட்டார். இவர் விடுவாரா? வெறும் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஒரே வாரம். வேலையைப் பிடுங்கிவிட்டார்கள்.

போன வைகாசியில் அங்கேதான் என் மகள் கல்யாணம். இவருக்கும் பத்திரிகை கொடுக்கப் போனேன்.

“வாரேன். ஆனா சாப்புட மாட்டேன். இப்ப அங்க முதுகுக்குப் பின்னாடி ஆளு நிக்கும். எனக்குச் சோறு எறங்காது.”

வந்தார். முதல் பந்தியில் பிடித்து உட்கார வைத்தேன். அதற்குள் அவர் நாற்காலியை மூன்று பேர் பிடித்துவிட்டார்கள். இலையில் வைத்த கை அப்படியே நின்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நின்றிருந்த அத்தனை பேரையும் வெளியே விரட்டிவிட்டு, பட்டுச் சட்டையோடு வாசலில் கைகளை விரித்து நின்றேன்.

கீரமங்கலத்துச் சம்பந்தி வீட்டார் கத்தினார்கள். “பொண்ணோட அப்பா செய்யிற வேலையாங்க இது?”

“ஆமாங்க. உள்ள ஒருத்தர் பாயசத்துல இருக்காரு.”

உள்ளே அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.